கங்கையில் காலை ஊன்றிய 7 விநாடி: கொழும்பு யாத்திரைக் குழுவொன்றின் படகு விபத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பில் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 11 பேர், சிவராத்திரி முடிந்த கையோடு, ஒரு மார்ச் மாதம் வட இந்திய யாத்திரைக்குப் புறப்பட்டோம். டெல்லியில் இறங்கி ஹரித்துவார், ரிஷிகேஷ், கடைசியில் காசி என்பது திட்டம். ரிஷிகேஷில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கியிருந்தோம். அன்று கங்கையில் ரப்பர் படகில் போக வேண்டும் என்று அவர்கள் கொழும்பிலேயே கேட்டு வைத்திருந்தார்கள்.

பயண ஒழுங்குகளைப் பார்த்த இரண்டு பேரில் நானும் ஒருவன். சம்பவம் நடந்தபோது அதே படகில் இருந்தேன். பெயர் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் உறவுமுறையால் மட்டும் குறிப்பிடுகிறேன். விபத்தில் மாட்டியவர் மாமி. வயது 54, வெள்ளவத்தையில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அவருடைய மகனைத் தம்பி என்று எழுதுகிறேன், வயது 26. தண்ணீரில் விழுந்த இன்னொருவர் 19 வயதான என் மகள். இதை வெளியே எழுதும்படி முதலில் சொன்னவரே மாமிதான்.

ரிஷிகேஷ் ஆறு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்த பிறகே கங்கை என்ற பெயர் வருகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர் கீழே ரிஷிகேஷ். இடையில் கவுடியாலா, மரைன் டிரைவ், சிவபுரி, பிரம்மபுரி என்று படகு இறக்கும் இடங்கள் இருக்கின்றன. மேலே போகப் போகத் தூரமும் கூடும், நீரின் வேகமும் கூடும். மழைக்காலமான ஜூலையிலும் ஆகஸ்டிலும் படகோட்டம் நிறுத்தப்படும். துள்ளும் நீரின் கடுமையை உலகம் முழுவதும் 1 முதல் 6 வரை தரப்படுத்துகிறார்கள். நாங்கள் எடுத்தது சிவபுரியிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர் வரும் பகுதி. அதில் பெரிய இடங்கள் தரம் 3, அல்லது அதற்குச் சற்று மேல். முன்பின் பழக்கம் இல்லாதவர்கள் வழக்கமாகப் போவதும் இந்தப் பகுதிக்குத்தான்.

கொழும்பில் செய்ததும் செய்யாததும்

டிக்கெட், விசா, தங்குமிடம், மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் பட்டியல் இருந்தது. ஆற்றுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அங்கே போனால் அவர்கள் சொல்லித் தருவார்கள் என்று விட்டுவிட்டோம்.

பயணக் காப்புறுதி எடுத்தோம். சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு அது பொருந்தாது என்று உள்ளே ஒரு வரி இருந்தது. அந்த வரியை நாங்கள் வாசித்தது கொழும்பு திரும்பிய பிறகு.

எங்களில் நான்கு பேருக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனால் எல்லோரும் நீச்சல் குளத்திலும் கடலிலும் பழகியவர்கள். கொழும்புக் கடல் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். பனி உருகி வரும் தண்ணீர் உடம்பில் பட்டால் என்ன நடக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக ஒருமுறை பெரிதாக உள்ளே இழுபடும். பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. தலை நீருக்குள் இருக்கும்போது அந்த முதல் இழுப்பு வந்தால் நெஞ்சுக்குள் போவது தண்ணீர். எவ்வளவு நன்றாக நீந்துபவருக்கும் இது நடக்கும்.

கித்துல்கலை கொழும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீற்றர்தான். மட்டக்குளியில் கடலில் விழும் அதே களனி கங்கையில் அங்கே ரப்பர் படகு விடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பழகியிருக்கலாம். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

முந்தின நாள், ஹர் கி பைரி

இந்தப் பகுதி விபத்துக்குத் தொடர்பில்லாதது போலத் தெரியலாம். எனக்கு எல்லாம் தொடங்கியது இங்கேதான் என்று படுகிறது.

முந்தின நாள் ஹரித்துவாரில் ஹர் கி பைரி படித்துறையில் குளித்தோம். அங்கே நீரோட்டம் பலமானது என்பதால் குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளச் சங்கிலிகள் போட்டிருக்கிறார்கள். மாமி சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து, படியில் காலை அழுத்தி ஊன்றி, மூன்று முறை முழுகி எழும்பினார். தண்ணீர் இழுத்தால் காலை இறுக்கி ஊன்ற வேண்டும் என்று அருகில் நின்ற என் மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார்.

படித்துறையில் அது முழுக்கச் சரி. எங்கள் ஆட்களுக்கு ஆறு என்றால் நின்று குளிக்கும் இடம். கதிர்காமத்துக்குப் போனால் மாணிக்க கங்கையில் முழங்கால் அளவு தண்ணீரில் கல்லில் கால் வைத்து நிற்கிறோம். கேகாலை, கண்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனாலும் அதுதான். கால் நிலத்தில் பட்டால் பயம் போய்விடும். 50 வருடமாக உடம்பில் ஊறிய பாடம் இது. ஓடும் வெள்ளத்தில் படகிலிருந்து விழுந்தவருக்கோ இதற்கு நேர் எதிரான பாடம் தேவை.

கரையில் 10 நிமிடம்

மறுநாள் காலை 10 மணியளவில் சிவபுரிக் கரையில் நின்றோம். அந்தப் பெயரைக் கேட்டதும் மாமி கைகூப்பினார். படகில் வருவதென்று 7 பேர் முடிவு செய்திருந்தோம். மாமா உட்பட மற்ற நான்கு பேர் விடுதியில் நின்றுவிட்டார்கள். மாமியை யாரும் வற்புறுத்தவில்லை. கங்கை மேலே போக வேண்டும் என்று ஆசையோடு வந்தவர்.

வழிகாட்டிக்கு 30 வயது இருக்கும். வேலை தெரிந்தவர். ஒவ்வொருவருடைய உயிர்காப்பு அங்கியையும் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்து, அசைந்தால் வாரை மறுபடி இறுக்கினார். மாமியின் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொன்னார். தாலிக்கொடியைக் கழற்ற மாமிக்கு மனம் வரவில்லை. என் மகள் அதைச் சட்டைக்குள் விட்டு இரண்டு ஊசி குத்தி, அங்கிக்குள் அடங்கப் பண்ணினாள். காலில் பின்வார் வைத்த தோல் செருப்பு. கட்டும் சப்பாத்து நல்லது என்று வழிகாட்டி சொன்னார். மாமியிடம் சப்பாத்து இல்லை. சரி, பரவாயில்லை என்று விட்டோம்.

அப்புறம் அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினார். பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம். துடுப்பின் மேல்நுனிப் பிடியைக் கைவிடக் கூடாது, விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும். ‘கெட் டவுன்’ என்றால் படகுக்குள் குந்திக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். விழுந்தால் மல்லாந்து, இரண்டு காலையும் ஆறு ஓடும் பக்கம் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரியப் படுக்க வேண்டும். கயிறு எறிந்தால் அதை நெஞ்சோடு பிடித்துத் தோளுக்கு மேலே விட்டு, கயிறு வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். கையில் சுற்றக் கூடாது. கரைக்குப் பக்கத்தில் வந்தாலும், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே குறையும் வரை எழும்பி நிற்கக் கூடாது.

இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, நடுவில் மற்ற ஆளின் விரல் சிக்குவது போலக் காட்டினார். எனக்கு அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நேரத்தில் மாமி தலைக்கவசத்தின் கொளுவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவர் குந்தச் சொன்னா குந்துங்கோ. துடுப்புப் போடச் சொன்னாப் போடுங்கோ. மிச்சம் நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான் தம்பி. 10 நிமிட விளக்கத்தில் மாமிக்குத் தமிழில் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான். தம்பி அன்போடுதான் சொன்னான். அம்மாவுக்குப் பயம் பிடிக்கக் கூடாது என்று நினைத்தான். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ரோலர் கோஸ்டர்

முதல் துள்ளல்கள் சுகமாகப் போயின. அடுத்தடுத்து எழும்பும் பெரிய அலைகள் உள்ள இடத்துக்கு அங்கே ரோலர் கோஸ்டர் என்று பெயர். படகு இரண்டாவது அலையில் ஏறியபோது பக்கவாட்டில் ஒரு அலை அடித்து இடதுபக்கத்தைத் தூக்கியது. வழிகாட்டி ‘கெட் டவுன்’ என்று கத்தினார். மாமி குந்தினார், ஆனால் கயிற்றில் கை போகவில்லை. அவரும், அவரைப் பிடிக்க எட்டிய என் மகளும் தண்ணீரில் விழுந்தார்கள்.

மகள் படகிலிருந்து 5 மீற்றருக்குள் மல்லாந்து மிதந்தாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. வழிகாட்டி கயிற்றுப் பையை எறிந்தார். மகள் கயிற்றைத் தோளுக்கு மேலே போட்டு முதுகைத் திருப்பினாள். கரையில் சொன்னது அப்படியே நடந்தது. அரை நிமிடத்தில் படகுக்குள் இழுத்துவிட்டோம்.

மாமியை நீரோட்டம் வலது கரைப் பக்கம் கொண்டு போனது. அங்கி அவரை நன்றாகவே தூக்கி வைத்திருந்தது, முகம் வெளியே தெரிந்தது. துள்ளும் நீரும் முடிந்துவிட்டது. ஆபத்து கழிந்தது என்று நான் நினைத்த இடம் அது. கரைக்கு ஏழெட்டு மீற்றர் இருக்கையில், கற்கள் நிறைந்த ஒரு ஓட்டத்தில், மாமி நிமிர்ந்தார். ஒரு கணம் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அடுத்த கணம் முன்னால் மடிந்தார்.

கூடவே வந்த பாதுகாப்புக் கயாக் படகுக்காரரின் தலைக்கவசத்தில் கமரா இருந்தது. அந்தக் காட்சியைக் கொழும்பில் பலமுறை பார்த்தோம். மாமியின் நீலத் தலைக்கவசம் நீருக்குள் போகிறது. அதற்கு மேலே தண்ணீர் கண்ணாடி போல வழுவழுப்பாக ஒரு முதுகு போட்டு ஓடுகிறது. நுரை இல்லை, சத்தம் இல்லை. ஒரு கை மட்டும் வெளியே வந்து விரல்களை விரிக்கிறது. 7 விநாடி. கயாக்காரர் அங்கியின் தோள்வாரைப் பிடித்து, ஆறு வந்த பக்கத்துக்கு அவரைப் பின்னால் தள்ளுகிறார். செருப்பின் பின்வார் அறுந்து கால் வெளியே வருகிறது.

நடந்தது இதுதான்: பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியது. நீர் முதுகில் தள்ளியது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும், அதனால் இடுப்பளவு நீரே ஒரு ஆளை மடக்கிவிடும். மடங்கிய பிறகு அங்கியாலும் உதவ முடியாது. செருப்பு அறுந்தது நல்ல காலம். அதை வைத்துச் செருப்பே நல்லது என்று யாரும் எடுக்க வேண்டாம். செருப்போடு விழுந்தவர்களின் வார் கல்லிடுக்கில் மாட்டுவதும் உண்டு.

பின்னர் மாமி சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "கால் தட்டுப்பட்டுது. அப்பாடா, நிலம் வந்திட்டுது எண்டு நினைச்சன். ஊண்டினன்."

கரையில் எடுத்த முடிவுகள்

மாமி கரையில் இருந்து இருமினார். உதடு நீலம் பாரித்திருந்தது, பல் கிட்டியது. வலது கணுக்கால் வீங்கத் தொடங்கியது. ஆனாலும் முதலில் வாயைத் திறந்தபோது, "எனக்கு ஒண்டும் இல்லை, பிள்ளையள் ஆசையா வந்ததுகள், நீங்கள் போங்கோ" என்றார்.

முதல் முடிவு, படகில் தொடர்வதா வேண்டாமா என்பது. கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் அடுத்த பெரிய துள்ளலைக் கடந்தால் பிறகு அதிகம் தொந்தரவில்லை, படகில் போனால் சீக்கிரம் ரிஷிகேஷ் சேரலாம் என்பது ஒரு யோசனை. மேலே பத்ரிநாத் வீதி போகிறது, தூக்கிக்கொண்டு ஏறினால் வாகனம் கிடைக்கும் என்பது மற்றது. நடுங்குகிறவரை மறுபடி குளிர்நீர் தெறிக்கும் இடத்தில் இருத்தக் கூடாது, மறுபடி விழுந்தால் காலால் உதைத்து நீந்தவும் அவரால் முடியாது என்பதால் வீதியைத் தேர்ந்தோம். வழிகாட்டியும் தயங்காமல் அதையே சொன்னார். ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த சால்வையும் எங்கள் மேலங்கிகளும் சுற்றினோம். தம்பியும் கயாக்காரரும் மாறி மாறி முதுகில் சுமந்து ஏற்றினார்கள்.

மேலே வந்ததும் அம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்றார் ஒருவர். எங்கள் எல்லோர் வாயிலும் வந்த எண் 1990. அது இலங்கை எண். அங்கே 108 என்று வழிகாட்டி சொன்னார். அதற்குள் ஒரு வாகனம் நின்றதால் அதிலேயே போனோம்.

இரண்டாவது முடிவுதான் கடினமானது: விடுதியா, மருத்துவமனையா? வாகனத்துக்குள் மாமி தெளிவாகக் கதைத்தார். நிறமும் திரும்பியிருந்தது. கால் சுளுக்குக்கு எண்ணெய் பூசிப் படுத்தால் போதும், மாலை ஆரத்திக்குப் போகலாம் என்றார். ஆனால் இருமல் நிற்கவில்லை. மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு முறை இருமினார். தொலைபேசியில் மாமாவிடம் கேட்டோம். "ஆரத்தி நாளைக்கும் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். மருத்துவமனைக்கு விட்டோம்.

அந்த முடிவு சரி என்று அங்கிருந்த டொக்டர் விளக்கியபோது புரிந்தது. நீரில் மூழ்குதல் என்றால் சாவு என்றுதான் நாம் நினைக்கிறோம். 2002 இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட வரையறைப்படி, தண்ணீரால் மூச்சு பாதிக்கப்படும் நிகழ்வே மூழ்குதல், பிழைத்தவரும் மூழ்கியவர்தான். நுரையீரலுக்குள் போன சிறிதளவு நீர்கூட சில மணி நேரத்தில் மூச்சைக் கெடுக்கலாம். அதனால் இருமலோ மூச்சு முட்டலோ இருந்தால் 6 மணி நேரம் போலக் கண்காணிப்பார்கள்.

மருத்துவமனையும் அதன் பிறகும்

இரவு 8 மணி வரை மாமியை வைத்திருந்தார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் அளவு முதலில் சற்றுக் குறைந்திருந்தது, மாலைக்குள் சரியானது. நெஞ்சு எக்ஸ்ரேயில் பிரச்சினை இல்லை. கணுக்காலின் வெளி எலும்பில் மயிரிழை வெடிப்பு. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் பாரம் வைக்க வேண்டாம் என்றார்கள். என் மகளுக்குக் காயம் இல்லை. ஆனால் அன்றிரவு அவள் தூங்கவில்லை. எட்டிப் பிடிக்கப் போய் மாமியைத் தள்ளிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காணொளியில் அவள் கை மாமியைத் தொடவே இல்லை என்பது தெரிந்த பிறகுதான் அமைதியானாள். இப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு காயம் படாதவர்களோடும் உட்கார்ந்து கதைக்க வேண்டும். நாங்கள் அதை இரண்டு நாள் தாமதமாகச் செய்தோம்.

காசிப் பயணத்தைக் கைவிட்டோம். காப்புறுதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த ஒரு வரி அதற்குப் போதுமாக இருந்தது. செலவை மூன்று குடும்பமும் பங்கிட்டோம்.

மாற்ற வேண்டியவை

கொழும்பு திரும்பி மூன்றாவது வாரம் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் எல்லோரும் கூடினோம். படகு நிறுவனத்தின் மேல் பழி போடலாமா என்ற பேச்சும் வந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. அங்கி இறுக்கமாக இருந்தது, கயாக் கூட வந்தது, கயிறு சரியான நேரத்தில் எறியப்பட்டது, நிற்காதே என்றும் சொல்லப்பட்டது. சொன்னது மாமியை வந்து சேரவில்லை. விளக்கம் முடிந்ததும், ஐந்து நிமிடம் பொறுங்கள், தமிழில் சொல்லிவிட்டு ஏறுகிறோம் என்று நான் கேட்டிருந்தால் அந்த வழிகாட்டி மறுத்திருக்கவே மாட்டார். கேட்க எனக்கு ஒரு கூச்சம். மற்றக் குழுக்கள் காத்திருக்கின்றன, நாங்கள்தான் தாமதம் என்ற கூச்சம்.

மொழிபெயர்ப்பவர் சொந்த மகனாக இருப்பதும் பிரச்சினைதான். பிள்ளை அம்மாவுக்குப் பயத்தைக் குறைத்துச் சொல்லும், ஆபத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். குழுவில் சற்றுத் தள்ளிய உறவு ஒருவர் சொல்வது மேல். சொல்லி முடித்த பிறகு, "விழுந்தால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டு, வாயால் மட்டுமல்ல, கரை மணலில் மல்லாந்து படுத்துக் காட்டவும் வைக்க வேண்டும்.

மாத்திரை விபரம் எழுதிய தாள் ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மாமியின் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் அன்று தம்பிக்குத் தெரியவில்லை. மாமா விடுதியிலிருந்து படம் எடுத்து அனுப்பும் வரை டொக்டர் காத்திருந்தார். கட்டும் சப்பாத்து இல்லாதவர் படகில் ஏறக் கூடாது. காப்புறுதியில் ராஃப்டிங் (ரப்பர் படகோட்டம்) என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்னரே பார்க்க வேண்டும்.

அடுத்த ஒகஸ்டில் இரண்டு குடும்பம் கித்துல்கலைக்குப் போக விரும்பியது. அதற்கு முந்திய ஞாயிறு கொழும்பில் ஒரு நீச்சல் குளத்தை ஒரு மணி நேரத்துக்கு எடுத்தோம். ஆறு ஓடும் உணர்வுக்காக, அங்கி போட்டவரைக் கயிற்றில் கட்டாமல் கையால் பிடித்து இருவர் இழுத்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் ஆழம் குறையும் இடத்தில் எட்டுப் பேரில் ஐந்து பேர் காலை ஊன்றினார்கள். ஊன்றக் கூடாது என்று பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் தமிழில் சொல்லியிருந்தோம். மூன்றாவது சுற்றில்தான் எல்லோருடைய கால்விரலும் மேலே தெரிந்தது.

மாமி கைத்தடியோடு வந்து குளத்தின் விளிம்பில் கதிரை போட்டு இருந்தார். கட்டளைகளைத் தமிழில் எழுதியதும் அவர்தான்: முன்னே வலி, பின்னே வலி, நிறுத்து, குந்திப் பிடி, மல்லாந்து படு. ஒவ்வொருவரும் ஆழம் குறையும் இடத்தை நெருங்கும்போது வகுப்பறைக் குரலில் கத்தினார்: "காலைத் தூக்கு! நிலம் வந்தாலும் தூக்கு!"